மேல்மாடி ஓசையும் மேதை இராமனும்

தோட்டப்புறத்தை விட்டு அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபெயர்ந்த கோல சிலாங்கூர் வட்டாரக் குடும்பங்களில் எங்கள் குடும்பமும் ஒன்று. பத்தாங் பெர்ஜுந்தையை (2007 முதல் அதன் பெயர் பெஸ்தாரி ஜெயா) ஒட்டிய செம்பனைத் தோட்டம் ஒன்றின் லயத்தில் வாழ்ந்தபோது எங்கள் தலைக்கு மேலே இருந்தது தகரக் கூரை மட்டும்தான். மழை அடித்துப் பெய்தால் வீட்டுக்குள் பேசுவது காதில் விழாது. ஆனாலும் மழைமேல் யாரும் கோபப்பட்டதில்லை.

அடுக்குமாடியில் நிலைமை வேறு. தலைக்கு மேலே கூரைக்குப் பதில் இன்னொரு குடும்பம். இரவு பதினொரு மணிக்கு நாற்காலி இழுபடும். விடியற்காலையில் அம்மிக்கல் உருளும். நாள் முழுவதும் ஒரு குழந்தை ஓடிக்கொண்டே இருக்கும். அம்மா துடைப்பக் கட்டையால் மேல்தளத்தை இடிப்பார். பதிலுக்கு அங்கிருந்து ஓர் இடி வரும். இத்தனைக்கும் மேல்வீட்டுக்காரர்கள் எங்கள் தோட்டத்திலிருந்தே வந்தவர்கள். ஒரே கோயில் திருவிழாவில் ஒன்றாகத் தேர் இழுத்த இரு குடும்பங்கள், இரண்டு மாதங்களில் படிக்கட்டில் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டன.

அந்த நாட்களில்தான் நான் சர் சி.வி. இராமனின் வாழ்க்கை வரலாற்றைப் படிக்க நேர்ந்தது. ஒளியை ஆராய்ந்து நோபல் பரிசு பெற்றவர் என்றே அவரைப் பள்ளியில் அறிந்திருந்தேன். அவர் ஓசையை ஆராய்ந்தவர் என்பதும், தரையில் ஒரு பொருள் விழும்போது அதன் ஆற்றல் எங்கே போகிறது என்று கணக்கிட்டவர் என்பதும் எனக்குப் புதிய செய்திகள். ஒரு பொருளைத் தட்டினால் அது என்ன பதில் தருகிறது? இராமனின் வாழ்நாள் முழுவதையும் இந்த ஒரே கேள்விக்குள் அடக்கிவிடலாம். மிருதங்கத்தில் தொடங்கி அயனி வரை அவர் கேட்டது இதைத்தான். அந்த வாழ்க்கையை நம் மாணவர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

திருவானைக்காவலில் பிறந்தவர்

சந்திரசேகர வேங்கட இராமன் 1888 நவம்பர் 7ஆம் நாள் திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்தார். தாயார் பார்வதி அம்மாள். தந்தையார் சந்திரசேகர ஐயர் கணிதமும் இயற்பியலும் கற்பித்த ஆசிரியர். வயலின் வாசிக்கக் கூடியவர். கல்லூரிப் பணிக்காகத் தந்தை விசாகப்பட்டினம் சென்றதால் இராமனின் இளமைக் கல்வி அங்கே நடந்தது. வீட்டில் அறிவியல் நூல்களும் இருந்தன, வயலினும் இருந்தது. பிற்கால இராமனுக்கு இரண்டுமே முதலீடாயின.

பதினோராம் வயதில் மெட்ரிக்குலேஷன் தேறினார். சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்து 1904இல் பி.ஏ. தேர்வில் முதலிடமும் தங்கப் பதக்கமும் பெற்றார். 1906இல், மாணவராக இருக்கும்போதே, அவருடைய முதல் ஆய்வுக் கட்டுரை இலண்டனின் பிலசாபிகல் மேகசின் இதழில் வெளிவந்தது. 1907இல் எம்.ஏ. முடித்தார்.

மேற்படிப்புக்கு இங்கிலாந்து செல்ல வேண்டும் என்றனர் ஆசிரியர்கள். ஆனால் அந்த நாட்டுக் குளிரை இந்த உடம்பு தாங்காது என்று மருத்துவர் தடுத்துவிட்டார். ஆய்வை நம்பி வாழ அன்றைய இந்தியாவில் வழியில்லை. ஆகவே நிதித்துறைத் தேர்வெழுதி அதிலும் முதலிடம் பெற்றார். அதே 1907இல் லோகசுந்தரியை மணந்துகொண்டு, துணைக் கணக்காயராகக் கல்கத்தா சென்றார். அப்போது வயது பதினெட்டு.

பகலில் கணக்கு, மற்ற நேரத்தில் ஆய்வு

கல்கத்தாவில் பவ்பஜார் தெரு வழியே டிராமில் செல்லும்போது ஒரு பெயர்ப்பலகை அவர் கண்ணில் பட்டது. அது இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் பலகை. மருத்துவர் மகேந்திரலால் சர்க்கார் 1876இல் தொடங்கிய அந்த நிறுவனத்தில் ஆய்வுக்கூடம் இருந்தது. ஆய்வு செய்ய ஆளில்லை. இராமன் கதவைத் தட்டினார். அன்று முதல் அலுவலகத்துக்குப் போகுமுன் காலையிலும், அலுவலகம் விட்டபின் இரவிலும் அவருக்கு அதுவே வீடாயிற்று. இரங்கூனுக்கும் நாகப்பூருக்கும் மாற்றலாகிச் சென்ற சிறிது காலம் தவிர, ஏறத்தாழப் பத்தாண்டுகள் இந்த இரட்டை வாழ்க்கையை வாழ்ந்தார். துணைக்கு இருந்தவர் ஆசுதோஷ் தே என்ற உதவியாளர்.

1917இல், கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் முன்னாள் துணைவேந்தர் ஆசுதோஷ் முகர்ஜியின் முயற்சியால் இராமனுக்குப் பாலித் பேராசிரியர் பதவி கிடைத்தது. சம்பளம் அரசுப் பணியில் பெற்றதில் ஏறத்தாழப் பாதி. இராமன் தயங்கவில்லை. அதே 1917இல்தான் நம் பத்தாங் பெர்ஜுந்தை அருகே தெனமாரம் தோட்டத்தில் என்றி போக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் மலாயாவின் முதல் வாணிகச் செம்பனைப் பயிரைத் தொடங்கினார். நம் முன்னோர்களில் பலர் அந்த மண்ணில் வேலை செய்துகொண்டிருந்த வேளையில், கல்கத்தாவில் ஒரு தமிழர் அரசாங்கப் பதவியை உதறிவிட்டு ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தார்.

ஓசையும் இசையும்

இராமனின் தொடக்க கால ஆய்வுகளில் பெரும்பகுதி ஒலியைப் பற்றியவை. ஏக்தாரா என்ற ஒற்றைத் தந்திக் கருவியை ஆராய்ந்தார். வில்லால் இழுக்கப்படும் வயலின் தந்தி எப்படி அதிர்கிறது என்று 1918இல் தனி நூல் எழுதினார். மனிதக் கை ஒரே சீராக வில்லிழுக்காது என்பதால், அதற்கென்று ஓர் இயந்திர வாசிப்பானையே உருவாக்கினார். 1927இல் ஜெர்மனியில் வெளிவந்த புகழ்பெற்ற இயற்பியல் கலைக்களஞ்சியத்தில் இசைக்கருவிகள் பற்றிய பகுதியை எழுத அவரை அழைத்தார்கள் என்றால், இத்துறையில் அவருக்கிருந்த மதிப்பை நாம் உணரலாம்.

அவருடைய ஒலி ஆய்வுகளில் நம் நெஞ்சுக்கு நெருக்கமானது மிருதங்கம் பற்றியது. இறுக்கிக் கட்டிய ஒரு தோலைத் தட்டினால் அது ஒரே நேரத்தில் பல வகைகளில் அதிரும். ஒவ்வொரு வகைக்கும் ஓர் அதிர்வெண் உண்டு. வெறும் தோலில் இந்த அதிர்வெண்கள் ஒன்றுக்கொன்று முழு எண் விகிதத்தில் அமைவதில்லை. அதனால் தாளம் பிறக்கிறது, தெளிவான சுருதி பிறப்பதில்லை. மிருதங்கத்தின் வலந்தலை நடுவில் இருக்கும் கறுப்புக் கரணை அந்தத் தோலின் நடுப்பகுதிக்கு எடை கூட்டுகிறது. எடை சேர்ந்ததும் சிதறிக் கிடந்த அதிர்வெண்கள் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்ற விகிதத்துக்கு வந்து சேர்கின்றன. காது அதை இசை என்று ஏற்றுக்கொள்கிறது. 1920இல் சிவகாளி குமாருடன் சேர்ந்து இதை வெளியிட்ட இராமன், 1934இல் மீண்டும் விரிவாக எழுதினார். பெயர் தெரியாத நம் பழைய கைவினைஞர்கள் செவியால் கண்டதை இராமன் கணக்கால் காட்டினார்.

ஓசைக்கும் இசைக்கும் உள்ள இடைவெளி இவ்வளவுதான்: அதிர்வுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதும் ஒத்துப்போகாததும். மேல்வீட்டு நாற்காலி இழுபடும்போது எங்கள் தளத்தில் எழுந்த அதிர்வுகளுக்குள் எந்த ஒழுங்கும் இல்லை.

விழும் பந்தும் அதிரும் தளமும்

இனி நம் மேல்மாடிச் சிக்கலுக்கு வருவோம். பொருள்கள் ஒன்றோடொன்று மோதும்போது நடப்பதை இராமன் சில ஆண்டுகள் ஆராய்ந்தார். 1918இலும் 1920இலும் அமெரிக்காவின் பிசிகல் ரிவ்யூ இதழில் இதுபற்றி எழுதினார். கனமான உருண்டை ஒன்று தட்டையான தகட்டின்மேல் விழுவதாகக் கொள்வோம். தகடு மிகத் தடிமனாக இருந்தால் உருண்டை நன்றாகத் துள்ளி எழும். மெல்லியதாக இருந்தால் துள்ளல் குறையும். குறைந்த ஆற்றல் எங்கே போயிற்று? தகட்டுக்குள் போயிற்று. விழுந்த இடத்திலிருந்து அது வளைவு அலைகளாகத் தகடு முழுவதும் பரவுகிறது. இந்த இழப்பை இராமன் கணக்கிட்டுக் காட்டினார். பின்னாளில் கிளாரன்ஸ் சீனர் என்ற அறிஞர் இந்த வழியை மேலும் வளர்த்தார்.

இராமன் அடுக்குமாடி வீடுகளை நினைத்து இதைச் செய்யவில்லை. ஆனாலும் மேல்வீட்டுக் குதிகால் நம் தளத்தில் இடிக்கும்போது நிகழ்வது இதே செயல்தான். கால் தரைக்குக் கொடுத்த ஆற்றல் சிமெண்டுத் தளத்துக்குள் அலையாக ஓடுகிறது. தளம் பெரிய தோல்போல அதிர்ந்து கீழே இருக்கும் காற்றை அசைக்கிறது. அதே அலை சுவருக்குள்ளும் இறங்குகிறது. கீழ்வீட்டுக்காரர் தம் கூரையில் முட்டை அட்டையோ பஞ்சோ ஒட்டினால் பெரிய பயன் இல்லாமல் போவது இதனால்தான். அவை அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும்; தளமும் சுவரும் அதிர்வதைத் தடுக்கா.

அப்படியானால் என்ன செய்யலாம்? அதிர்வு தளத்துக்குள் நுழையுமுன் பிடிக்க வேண்டும். மோதல் எவ்வளவு குறுகிய நேரத்தில் முடிகிறதோ அவ்வளவு கூர்மையாக ஓசை எழும். ஓடு பதித்த தரையில் நாற்காலிக் கால் படுவது அப்படிப்பட்டது. இடையில் ரப்பரோ தடித்த விரிப்போ இருந்தால் மோதும் நேரம் நீள்கிறது, விசை தணிகிறது, கீச்சென்ற மேல்சுர ஓசைகள் எழுவதே இல்லை. ஆகவே நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் உறை, அம்மிக்கும் துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் அடியில் தடித்த ரப்பர் பாய், குழந்தை விளையாடும் இடத்தில் கனத்த விரிப்பு ஆகியவை நல்ல பலன் தரும். குதிகாலால் ஓடும்போது எழும் மந்தமான இடியை மட்டும் விரிப்பால் முழுமையாக அடக்க முடியாது. அதற்குத் தளமே கனமாக இருக்க வேண்டும். அல்லது தளத்திலிருந்து விலகி, நெகிழ்வான தாங்கிகளில் தொங்கும் கனத்த உட்கூரை அமைக்க வேண்டும். அது செலவு மிகுந்த வேலை.

வாசகர்கள் இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மலிவான தீர்வுகள் எல்லாம் மேல்வீட்டில்தான் இருக்கின்றன. அவதிப்படுகிறவர் கீழே, மருந்தோ மேலே. பேசாமல் இந்த நோய் தீராது.

கடல் ஏன் நீலம்?

1921இல் இராமன் முதன்முறையாக ஐரோப்பா சென்றார். இலண்டன் செயின்ட் பால் தேவாலயத்தின் வட்ட மாடத்தில், சுவரோரம் முணுமுணுத்தால் எதிர்ப்புறத்தில் கேட்கும். பலர் வியந்து திரும்பிய அந்த இடத்தில் இராமன் ஆய்வு நடத்தினார். தாயகம் திரும்பியபின் பீஜப்பூர் கோல் கும்பஸ் போன்ற இந்திய மாடங்களையும் ஆராய்ந்தார்.

திரும்பி வந்த கப்பல் பயணம் அவர் வாழ்க்கையையே திருப்பிவிட்டது. மத்தியதரைக் கடலின் நீலத்தைக் கண்டவர், அது வானத்தின் பிரதிபலிப்புதான் என்ற விளக்கத்தை ஏற்கவில்லை. கையோடு இருந்த சிறு கருவிகளைக் கொண்டு கப்பல் மேல்தளத்திலேயே சோதித்தார். நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்ற முடிவுக்கு வந்தார். ஒலியில் இருந்த கவனம் ஒளிக்குத் திரும்பியது. 1924இல் இலண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினரானார்.

அணு எப்படி அயனியாகிறது?

அடுத்து வருவதைப் புரிந்துகொள்ள ஒரு சிறு விளக்கம் தேவை. அதற்குத் தோட்டப் பிள்ளைகள் எல்லோரும் பார்த்த ஒரு பொருளை எடுத்துக்கொள்வோம். செம்பனை மரத்தடியில் நம் தாய்மார்கள் வீசும் பொட்டாஷ் உரம்தான் அது. அதன் வேதியியல் பெயர் பொட்டாசியம் குளோரைடு.

ஓர் அணுவின் நடுவில் நேர்மின்னூட்டம் கொண்ட கரு. அதைச் சுற்றி எதிர்மின்னூட்டம் கொண்ட எலக்ட்ரான்கள். இரண்டும் சமமாக இருப்பதால் அணுவுக்கு மொத்தத்தில் மின்னூட்டம் இல்லை. பொட்டாசியத்துக்கு எலக்ட்ரான்கள் 19. அவற்றில் 18 உள் அடுக்குகளில் நிறைவாக அமர்ந்துவிடும். மிஞ்சிய ஒன்று வெளி அடுக்கில் தனியாக, தளர்வாக இருக்கும். குளோரினுக்கு 17, வெளி அடுக்கு நிறைய ஒன்று குறைவு. இரண்டும் சேரும்போது பொட்டாசியத்தின் தனி எலக்ட்ரான் குளோரினிடம் போய்விடுகிறது. இப்போது இரண்டிலும் 18. ஒன்றை இழந்த பொட்டாசியம் நேர் அயனி. ஒன்றைப் பெற்ற குளோரின் எதிர் அயனி. எதிரெதிர் மின்னூட்டங்கள் ஈர்த்துக்கொண்டு அடுக்கடுக்காக நிற்பதே அந்த உரத்தின் படிகம். மழை நீரில் கரைந்ததும் அவை பிரிகின்றன. செம்பனை வேர் உறிஞ்சுவது பொட்டாசிய அணுவை அல்ல, பொட்டாசிய அயனியை.

அணு அயனியாக வேறொரு வழியும் உண்டு. வெளியிலிருந்து வரும் கதிர் ஒன்று எலக்ட்ரானை அடித்து வெளியேற்றலாம். அமெரிக்க அறிஞர் ஆர்தர் காம்ப்டன் எக்ஸ் கதிர்களில் இதைத்தான் கண்டார். கதிர் எலக்ட்ரானை உதைத்துத் தள்ளிவிட்டு, தன் ஆற்றலில் ஒரு பகுதியை இழந்து வெளிவருகிறது. அதற்காக அவருக்கு 1927இல் நோபல் பரிசு கிடைத்தது. கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் இதுபோன்ற ஒன்று இருக்க வேண்டும் என்று இராமன் எண்ணினார்.

ஆனால் சாதாரண ஒளித்துகளுக்கு ஒரு மூலக்கூற்றிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கி எறியும் வலு இல்லை. அது தட்டத்தான் முடியும். தட்டினால் என்ன ஆகும்? மிருதங்கத் தோலைப்போல மூலக்கூறு அதிரும். அந்த அதிர்வுக்குக் கொடுத்த ஆற்றலின் அளவுக்கு ஒளியின் நிறம் மாறி வெளிவர வேண்டும்.

1928 பிப்ரவரி 28

இராமனும் அவருடைய மாணவர் கே.எஸ். கிருஷ்ணனும் ஏறத்தாழ அறுபது திரவங்களைச் சோதித்தார்கள். கிருஷ்ணன் 1898இல் வத்திராயிருப்பில் பிறந்தவர், அவரும் தமிழர். 1928 பிப்ரவரி 28ஆம் நாள், செலுத்திய ஒளியில் இல்லாத புதிய நிறக்கோடுகளைச் சிதறிய ஒளியில் தெளிவாகக் கண்டார்கள். பாதரச விளக்கு, வடிகட்டி, சிறிய நிறமாலைகாட்டி என எளிய கருவிகளே போதுமாயிருந்தன. மார்ச் 16இல் பெங்களூரில் இராமன் இதைப் பற்றி உரையாற்றினார். அதே காலத்தில் மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க், மண்டெல்ஸ்டாம் என்ற இருவரும் படிகங்களில் இதே விளைவைக் கண்டிருந்தனர். எனினும் முந்தி அறிவித்தவர் இராமன். 1930இல் இயற்பியல் நோபல் பரிசு அவர் ஒருவருக்கே வழங்கப்பட்டது. அறிவியலில் நோபல் பரிசு பெற்ற முதல் ஆசியர் அவர்.

ஒவ்வொரு மூலக்கூற்றுக்கும் தனக்கென்று ஒரு சுருதிக் கூட்டம் உண்டு என்பதே இராமன் விளைவின் சாரம். காதால் கேட்க முடியாத அந்தச் சுருதியை நிறக்கோடுகளாகக் கண்ணால் பார்க்கலாம். மிருதங்கத்தை ஆராய்ந்தவர் இதைக் கண்டதில் வியப்பில்லை.

அயனிகளுக்கும் இது பொருந்தும், ஒரு நுட்பமான வேறுபாட்டுடன். பொட்டாசிய அயனி தனி ஓர் உருண்டை. உள்ளே ஒன்றையொன்று இழுக்கும் உறுப்புகள் இல்லை. ஆகவே கரைசலில் அதற்கென்று ஓர் அதிர்வுக் கோடு கிடையாது. நைட்ரேட் அயனியோ ஒரு நைட்ரஜனும் மூன்று ஆக்சிஜனும் பிணைந்து ஓர் எலக்ட்ரானைக் கூடுதலாகக் கொண்டது. அதற்குத் தனிக் கோடு உண்டு. அடர்ந்த நைட்ரிக் அமிலத்தில் முழு மூலக்கூறுகளின் கோடுகள் தெரியும். நீர் சேர்க்கச் சேர்க்க அவை மங்கும்; நைட்ரேட் அயனியின் கோடு ஓங்கும். எத்தனை மூலக்கூறுகள் அயனிகளாகப் பிரிந்தன என்பதை இதைக் கொண்டு அளக்கலாம் என்று ஐ. இராமகிருஷ்ண ராவ் 1930இல் காட்டினார். கரைசலுக்குள் நடப்பதைத் தொடாமலே பார்க்கும் வழி அது.

அயனி ஆய்வு இந்தக் குடும்பத்தை விட்டு அகலவில்லை. இராமனின் தமையனார் மகன் சுப்பிரமணியன் சந்திரசேகர், ஓர் எலக்ட்ரானைக் கூடுதலாகப் பெற்ற ஹைட்ரஜன் அயனி சூரியனின் மேற்பரப்பு ஒளியை எப்படி உறிஞ்சுகிறது என்பதை 1940களில் கணக்கிட்டார். 1983இல் அவரும் நோபல் பரிசு பெற்றார்.

உப்புக்கல்லில் இடறிய மேதை

பெரியோர் வரலாற்றை எழுதும்போது குறைகளை மறைப்பது நம்மிடையே வழக்கம். இராமனுக்கு அது தேவையில்லை.

1933இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநரானார். ஜெர்மனியிலிருந்து வெளியேற நேர்ந்த மாக்ஸ் பார்ன் என்ற பேரறிஞரை அங்கே வரவழைத்தார். நிலையான பதவி தரவும் முயன்றார். அது நிறைவேறவில்லை. இராமனின் நிர்வாகப் போக்கு பலருடைய எதிர்ப்பைக் கிளப்பியது. 1937இல் இயக்குநர் பதவியை விட்டு விலக நேர்ந்தது. பேராசிரியராக மட்டும் 1948 வரை நீடித்தார்.

தாம் ஆதரித்த அதே பார்னுடன் பின்னாளில் இராமன் கடுமையாக மோதினார். சண்டைக்குக் காரணமானவற்றில் உப்புக்கல்லும் ஒன்று. சோடிய அயனியும் குளோரின் அயனியும் மாறி மாறி அடுக்கிய படிகம் எப்படி அதிரும்? எண்ணிவிடக் கூடிய சில அதிர்வெண்கள் மட்டுமே அதற்கு உண்டு என்றார் இராமன். இல்லை, கோடானுகோடி அயனிகள் சேர்ந்து அதிரும்போது அதிர்வெண்கள் தொடர்ச்சியாகப் பரவி நிற்கும் என்றது பார்னின் கோட்பாடு. 1950களில் வளர்ந்த நியூட்ரான் ஆய்வுகள் பார்ன் பக்கமே தீர்ப்பளித்தன. இராமன் இறுதிவரை ஏற்கவில்லை. வாழ்நாள் முழுவதும் தெளிவான சுருதிகளையே தேடிக் கண்ட செவி, சுருதி இல்லாத இடத்திலும் சுருதியைக் கேட்டுவிட்டதோ என்று எனக்குத் தோன்றுகிறது. எந்தத் திறமை ஒருவரை உயர்த்தியதோ அதுவே அவர் கண்ணை மறைக்கவும் கூடும்.

மாணவியர் அறிய வேண்டிய செய்தியும் ஒன்று உண்டு. 1933இல் கமலா பகவத் என்ற மாணவி பெங்களூர்க் கழகத்தில் சேர வந்தபோது, பெண் என்பதற்காக இராமன் மறுத்தார். அவர் விடாமல் வாதாடி, நிபந்தனைகளுடன் இடம் பெற்றார். அவருடைய உழைப்பைக் கண்டபின் இராமன் மனம் மாறி மற்றப் பெண்களையும் சேர்த்துக்கொண்டார். கமலா 1939இல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றார். வானிலை அறிஞராகப் புகழ்பெற்ற அன்னா மாணி, 1940களில் இராமனின் ஆய்வுக்கூடத்தில் வைரத்தை ஆராய்ந்தவர். கிருஷ்ணனுக்குப் பரிசில் பங்கு கிடைக்காதது பற்றிப் பிறர் பேசினார்கள். கிருஷ்ணன் தம் பணியில் ஆழ்ந்து, இயற்பியலில் தமக்கென்று உயர்ந்த இடத்தைப் பெற்றார்.

இறுதி உரை

1948இல் பெங்களூரில் தம் பெயராலேயே ஓர் ஆய்வு நிறுவனத்தை அமைத்து, இறுதிவரை அங்கேயே உழைத்தார். 1954இல் பாரத ரத்னா விருது பெற்றார். ஆண்டுதோறும் காந்தியடிகள் பிறந்த நாளில் அங்கே பொது உரை நிகழ்த்துவது அவர் வழக்கம். 1970 அக்டோபர் 2ஆம் நாள் ஆற்றிய கடைசி உரைக்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள் மனிதச் செவி. ஓசையை ஆராயத் தொடங்கிய வாழ்க்கை, ஓசையைக் கேட்கும் உறுப்பை எண்ணியபடியே முடிந்தது. 1970 நவம்பர் 21ஆம் நாள், தம் 82ஆம் வயதில் மறைந்தார். அவர் விருப்பப்படி நிறுவனத் தோட்டத்திலேயே எரியூட்டினர். அவ்விடத்தில் நினைவு மண்டபம் இல்லை. ஒரு மரம் நிற்கிறது.

படித்ததை வீட்டில் சொன்னேன். அப்பா ஒன்றும் பேசாமல் பழைய மோட்டார் சைக்கிள் டியூப் ஒன்றைத் தேடி எடுத்து, நாற்காலிக் கால் அளவுக்கு வெட்டினார். முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டிய கை அது. அன்று மாலை அம்மாவும் நானும் அவற்றோடும் ஒரு டப்பா முறுக்கோடும் மேல்மாடிக்குப் போனோம். மேல்வீட்டு அக்கா தொழிற்சாலையில் மாலை நேர வேலை முடித்து இரவு பத்தரைக்குத்தான் வீடு வருகிறார் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. பதினொரு மணி நாற்காலி, அவர் இரவுச் சோற்றுக்கு உட்காரும் நாற்காலி. துடைப்பக் கட்டை இடியில் தம் குழந்தை பயந்து விழித்த இரவுகளை அவர் சொன்னபோது அம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

நாற்காலிகளுக்கு ரப்பர் உறை மாட்டினோம். அம்மிக்கு அடியில் பழைய ரப்பர் பாய் விரித்தோம். அந்த இரண்டு ஓசைகளும் அடங்கின. குழந்தை ஓடும் ஓசை மட்டும் இன்னும் கேட்கிறது. இராமனின் கணக்குப்படி அது கேட்கத்தான் செய்யும். இப்போது அம்மா நிமிர்ந்து பார்த்து, குழந்தை இன்னும் தூங்கவில்லை போலும் என்று சொல்லிவிட்டுத் தம் வேலையைத் தொடர்கிறார்.

மாணவ நண்பர்களே, இராமனுக்கு எளிய கருவிகளே போதுமாயிருந்தன. அன்றாடம் காதில் விழுவதையும் கண்ணில் படுவதையும் ஏன் என்று கேட்கும் பழக்கம் இருந்தது. உரமூட்டையும், கோயில் மிருதங்கமும், மேல்மாடிக் காலடியும் நமக்கும் இருக்கின்றன. கேட்கத் தொடங்குவோம்.